நன்றியைச் சொல்வதும் செய்வதும்: இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சொல்லின் நடைமுறை

கீழக்கரையிலோ பாம்பனிலோ பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு வந்தால், கொண்டுவந்த பிள்ளையிடம் யாரும் "நன்றி" என்று சொல்லி அனுப்புவதில்லை. "வந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு" என்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பிப் போகாது. இரண்டு நாள் கழித்துப் போனாலும் உள்ளே ஏதாவது இருக்கும்: நாலு பனங்கிழங்கு, ஒரு கை முருங்கைக்கீரை, கீழக்கரை வீடென்றால் இரண்டு துண்டு தொதல் என்கிற இனிப்பு. வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிற பள்ளி ஆசிரியர்களும் வங்கிக்காரர்களும் முதல் சில மாதம் இதைத் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். ஓடி ஓடி உதவுகிறார்கள், பதிலுக்கு உதவினால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்று தோன்றும். இந்தக் கரையில் நன்றிக்கு இரண்டு வழி உண்டு. சொல்வது ஒன்று, செய்வது இன்னொன்று. மேடை, கடிதம், சுவரொட்டி, முன்பின் தெரியாதவர் என்றால் சொல்வார்கள். உறவு, தெரு, படகு என்றால் செய்வார்கள். செய்ய வேண்டிய இடத்தில் சொன்னால் கணக்கை முடித்துவிட்டதாக அர்த்தமாகும். சொல்ல வேண்டிய இடத்தில் சும்மா இருந்தால் மரியாதை தெரியாதவர் ஆவீர்கள். எது எந்த இடம் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தச் சொல்லின் புழக்கத்தில் பாதி.

பழைய நூல்களில் இந்தச் சொல் எப்படி இருந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். 101 முதல் 110 வரை பத்துக் குறள். இவற்றில் 'நன்றி' வருகிற எந்த இடத்திலும் இன்றைக்கு நாம் வாயால் சொல்கிற நன்றி பொருளாக இல்லை. "காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும்" என்றால் சமயத்தில் செய்த நன்மை. "தினைத்துணை நன்றி செயினும்" என்றால் தினையளவு உதவி செய்தாலும். "நன்றி மறப்பது நன்றன்று" என்றால் பெற்ற நன்மையை மறப்பது நல்லதில்லை. நன்மை செய்கிறவருடையது, அதை 'அறிதல்' பெற்றவருடையது. இன்று நாம் நன்றியுணர்வு என்பதற்கு வள்ளுவர் வைத்த சொல் அந்த 'அறிதல்'தான். "நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம்" என்ற 138ஆம் குறளில் அது இன்னும் அகலமாக, அறம் என்ற பொருளையே தொட்டு நிற்கிறது. வள்ளுவர் காலத்து ஆளிடம் போய் "அவன் நன்றி சொன்னான்" என்றால், செய்ததைச் சொல்லிக்காட்டினான் போல என்று நினைத்தாலும் நினைப்பார்.

வள்ளுவர் மட்டுமல்ல. புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனிடம், வேறு கொடும்பாவங்களுக்கெல்லாம் கழுவாய் உண்டு, "செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்" என்கிறார். அங்கே 'செய்தி' என்பது ஒருவர் செய்த நன்மை. 110ஆம் குறளும் இதே தீர்ப்பைத்தான் சொல்கிறது. இரண்டு இடத்திலும் 'கொல்' என்ற வினையே வருவதைக் கவனிக்க வேண்டும். மறப்பதைக்கூட அல்ல, கொல்வதைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச்சில் இன்றும் இந்தக் கனம் போகவில்லை. 'நன்றி கெட்டவன்' என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் பிறகு அந்த வீட்டோடு கொள்வினை கொடுப்பினை வைப்பது கஷ்டம். 'உண்ட வீட்டுக்கு ரெண்டகம்', 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' எல்லாம் இந்த வழி வந்தவை. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் காலை ஊன்றி வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டாவது பழமொழியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு கனமான சொல்லை டீக்கடையில் சில்லறை வாங்கும்போது எடுத்து நீட்ட முடியாது. 'தேங்க்ஸ்' இங்கே இவ்வளவு சுலபமாக நுழைந்ததற்குக் காரணம் அதுதான் என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு. நாகரிக மோகம் என்று திட்டுவதில் பயனில்லை. 'தேங்க்ஸ்ண்ணே' என்பதற்கு எடை கிடையாது. யாரையும் கடன்காரர் ஆக்காது. பஸ்ஸில் இடம் விட்டவருக்கும், வண்டியை ஓரம் கட்டியவருக்கும் அது போதும். அதே இடத்தில் "மிக்க நன்றி அண்ணா" என்றால் கேட்டவர் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார், மேடையில் பேசுகிறாரோ என்று.

நெருக்கமான இடங்களில் 'தேங்க்ஸ்' கூட இல்லாமல் வேறு வார்த்தைகள் வேலை பார்க்கின்றன. யார் யாரிடம் என்பதைப் பொறுத்து அவை மாறும். வயதில் மூத்தவர் இளையவரிடம் சொல்வது வாழ்த்து: "நல்லா இருப்பே", "மகராசனா இரு", "உன் பிள்ளகுட்டி நல்லா இருக்கும்யா". இளையவர் மூத்தவரிடம் வாழ்த்த முடியாது, அதனால் நிலையைச் சொல்வார்: "நீங்க இல்லன்னா இன்னைக்கு மாட்டியிருப்பேன் சித்தப்பு." சம வயது மச்சான் மாப்பிள்ளைகளுக்குள் கேலிதான் நன்றி: "வந்துட்டாருடா பெரிய மனுசன்." தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு "புண்ணியமாப் போச்சுத்தா". இந்தக் கடைசி வாசகம் இங்கே சாதாரணமாகக் கேட்கக் காரணம் உண்டு. நல்ல தண்ணீருக்கு இவ்வளவு அலைந்த மாவட்டம் தமிழ்நாட்டில் குறைவு. தனுஷ்கோடி மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடித்த கரை இது.

இந்த வாசகங்களில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. எதுவும் "நான் திருப்பித் தந்துவிட்டேன்" என்று சொல்லவில்லை. என்னால் ஆகாது, உனக்கு வேறு இடத்திலிருந்து நல்லது வரும் என்கின்றன. "செய்யாமல் செய்த உதவிக்கு வையகமும் வானகமும் ஆற்றல் அரிது" என்ற 101ஆம் குறளின் நினைப்பு அப்படியே பேச்சு வழக்கில் கிடக்கிறது.

கரைக்கு வருவோம். கரைவலை இழுக்கிற இடத்தில் செய்யும் நன்றியைக் கண்ணாலேயே பார்க்கலாம். வலையின் இரண்டு கயிற்றையும் கரையிலிருந்து இழுப்பார்கள். பங்குக்கு இழுக்கிறவர்கள் தனி. சும்மா அந்த வழியாக வந்தவர், வலை கனத்திருப்பதைப் பார்த்துக் கயிற்றில் கை வைத்தால் அவருக்குப் பங்கு கிடையாது. ஆனால் மீன் சேர்கிற வலையின் மடி கரையேறியதும், ஏலத்துக்குக் கூடை கட்டும் முன்பு, சூடையிலோ காரலிலோ நெத்திலியிலோ கறிக்கு ஆகிற அளவு அள்ளி அவர் கையில் போட்டுவிடுவார்கள். எடை பார்ப்பதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக் கறி, அதுதான் அளவு. வாங்குகிறவரும் வேண்டாம் என்று மறுக்கக் கூடாது. மறுத்தால், உங்கள் மீனுக்காகவா கை வைத்தேன் என்று முறுக்கிக்கொண்டதாகப் படும். "இருக்கட்டும்ணே" என்று ஒரு தரம் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வதுதான் முறை. ஒரு தரம் மறுப்பது மரியாதை. மூன்று தரம் மறுப்பது அவமதிப்பு.

கடலுக்குள் எஞ்சின் நின்றுபோன வள்ளத்தைக் கட்டி இழுத்துவருவது இதைவிடப் பெரிய விஷயம். இழுத்து வருகிறவருக்கு அன்றைய தொழில் போகும், டீசல் போகும். அப்போது காசை நீட்டினால் வாங்க மாட்டார், நீட்டுவதே தப்பு. செலவான டீசலை மறுநாள் கேனில் கொண்டுபோய் அவர் வள்ளத்தில் வைத்துவிடலாம், அதில் குறையில்லை, ஏனென்றால் அது செலவுக்கு ஈடு. உதவிக்கு ஈடு வேறு: நாளைக்கு அவருடைய வலை பாரில், அதாவது கடலடிப் பாறையில், மாட்டினால், கூப்பிடாமலே போய் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் கலந்துவிடுகிற இளவட்டங்கள் இருக்கிறார்கள். டீசலுக்கு மேலே ஐநூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டு, தீர்த்தாச்சு என்று நினைப்பார்கள். கொடுத்தவர் மனதில் தீர்ந்திருக்கும். வாங்கியவர் மனதில் உறவு ஒரு படி இறங்கியிருக்கும்.

இதே கரையில் நன்றியின் பெயரால் நடக்கிற ஒரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிற மீனவர், பிடித்த மீனை அவருக்கே போட வேண்டியிருக்கிறது. விலையை அவர் வைப்பார், கமிஷனும் கழிப்பார். வேறு ஆளுக்கு நல்ல விலைக்கு விற்கலாமே என்றால், "ஆத்திரத்துக்கு உதவுன மனுசனுக்குத் துரோகம் பண்றதா?" என்று பதில் வரும். இங்கே நன்றிக்கடனும் பணக்கடனும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்க 103ஆம் குறள் நல்ல அளவுகோல்: "பயன்தூக்கார் செய்த உதவி நயன்தூக்கின் நன்மை கடலின் பெரிது." என்ன திரும்பி வரும் என்று எடைபோடாமல் செய்த உதவிதான் கடலைவிடப் பெரிது. எடைபோட்டுக் கொடுத்தது பற்று வரவு. அதற்கு மரியாதை உண்டு, ஒழுங்காகத் திருப்பிக் கட்ட வேண்டும், ஆனால் செய்ந்நன்றி என்ற தட்டில் அதை வைக்க வேண்டியதில்லை. நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. வாங்கிய தொகை, தேதி, நூற்றுக்கு எவ்வளவு கமிஷன், ஒவ்வொரு தடவையும் கழித்தது எவ்வளவு என்று நாலு கட்டம் போட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதிவிட்டால் எது கடன், எது நன்றி என்பது தானாகப் பிரிந்துவிடும். எழுத மறுக்கிறவர் நன்றியைப் பற்றி அதிகமாகப் பேசுவார் என்பதையும் கவனித்துக்கொள்ளலாம்.

எழுத்தில் வைக்கிற நன்றி என்றால் மொய் நோட்டு. இராமநாதபுரம், மதுரைப் பக்கம் இதற்குச் 'செய்முறை' என்றும் பெயர். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வீடு குடிபுகுதல் எதுவானாலும் பந்தலில் ஒரு மேசை போட்டு, ஒருவர் எழுத ஒருவர் பணம் வாங்கிப் போட இருப்பார்கள். மைக்கில் வாசிப்பதும் உண்டு. நோட்டில் வரிசை எண், ஊர், பெயர், தொகை இருக்கும். விசேஷம் முடிந்ததும் அந்த நோட்டுப் பத்திரங்களோடு பெட்டிக்குள் போய்விடும். பிறகு யாரிடமிருந்து பத்திரிகை வந்தாலும் முதலில் நோட்டை எடுத்து, இவர் நமக்கு என்ன செய்தார் என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்வார்கள். 501 வந்திருந்தால் 501ஆகவே திருப்பிச் செய்வது, இத்தோடு போதும் என்பதற்குச் சமம். காலம் ஆனதற்குத் தக்கபடி கூட்டினால்தான் போக்குவரத்து தொடரும்.

மொய் நோட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் தொகையில் அல்ல, பெயரில். 'முருகேசன்' என்று மட்டும் எழுதினால் பத்து வருஷம் கழித்து எந்த முருகேசன் என்று யாருக்கும் தெரியாது. ஊரை முதலில், அப்பா பெயரின் எழுத்தை அடுத்து, பெயரைக் கடைசியில், முடிந்தால் பட்டப்பெயரையும் அடைப்புக்குள் எழுத வேண்டும். கணவன் பெயரில் மனைவி வந்து செய்தால் கணவன் பெயரே இருக்கட்டும். திரும்பச் செய்வது அந்த வீட்டுக்குத்தான். 'வகையறா' என்று மொத்தமாக எழுதுவதைப் போல வம்பு வேறில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிந்த பிறகு அந்த ஆயிரத்தை யாருக்குச் செய்வது? செய்தவர் காலமாகிவிட்டால் அவர் பிள்ளை வீட்டு விசேஷத்தில் செய்ய வேண்டும். நோட்டு வாரிசுக்குப் போகும்.

கடற்கரையின் மூன்று சமயங்களிலும் இந்தச் சொல்லுக்குத் தனித்தனி வழி இருக்கிறது. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டி முஸ்லிம்களிடம் பழகும்போது அதிகம் காதில் விழுவது "ஜஸாக்கல்லாஹு கைரன்". அல்லாஹ் உங்களுக்கு நல்ல கூலி தரட்டும் என்பது பொருள். ஆணிடம் ஜஸாக்கல்லாஹு, பெண்ணிடம் ஜஸாக்கில்லாஹு, பலரிடம் ஜஸாக்குமுல்லாஹு என்பது அரபு இலக்கணம். பேச்சில் பெரும்பாலும் முதல் வடிவமே எல்லோருக்கும் ஓடுகிறது. "ஜஸாக்கல்லாஹ்" என்று மட்டும் சுருக்கினால் கூலி தரட்டும் என்பதோடு நின்றுவிடும், என்ன கூலி என்பது இருக்காது. அதனால்தான் 'கைரன்' சேர்த்துச் சொல்லும்படி மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் சொல்கிறார்கள். கேட்டவர் "வ இய்யாக்கும்" என்றோ, சும்மா "ஆமீன்" என்றோ பதில் சொல்வார். "அல்ஹம்துலில்லாஹ்" இறைவனுக்கு மட்டும் உரிய புகழும் நன்றியும். சாப்பாடு போட்ட காக்காவை (இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பார்த்து அதைச் சொன்னால் அது அவருக்கான நன்றி ஆகாது, சாப்பாட்டுக்காக இறைவனுக்குச் சொன்னது. இரண்டும் வேண்டும் என்பதற்கு ஒரு நபிமொழி உண்டு: மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார். கொடுத்தவருக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 264ஆம் வசனம், செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டிப் பாழாக்காதீர்கள் என்கிறது. ஊர்ப் பேச்சில் 'சொல்லிக்காட்டுறவன்' என்ற வசவு 'நன்றி கெட்டவன்' என்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. வாங்கினவருக்கு ஒன்று, கொடுத்தவருக்கு ஒன்று.

கத்தோலிக்க மீனவர் ஊர்களில் தமிழ்ச் சொல்லான 'நன்றி'யே வழிபாட்டின் நடுவில் இருக்கிறது. திருப்பலியில் வாசகம் முடிந்ததும் மக்கள் "இறைவா உமக்கு நன்றி" என்கிறார்கள். "நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்" என்று குருவானவர் சொல்ல, "அது தகுதியும் நீதியும் ஆனதே" என்று பதில் வருகிறது. வாரம் தவறாமல் வாயில் வருவதால், மற்றவர்களைவிட இவர்கள் பேச்சில் நன்றி என்ற சொல் கொஞ்சம் தாராளமாக வரும். பிற சபையார் 'ஸ்தோத்திரம்' என்பார்கள், அது நன்றியும் ஆகும், கும்பிடும் ஆகும். கடலுக்கு அந்தப் பக்கம் சிங்களத்தில் நன்றிக்குச் சொல்லும் 'ஸ்தூதியி'யும் அதே வடமொழி வேரிலிருந்து போனதுதான்.

நேர்த்திக்கடனை எல்லாருக்கும் தெரியும், நீட்ட வேண்டாம். ஒன்று மட்டும்: நேர்ந்ததைச் செய்துவிட்டால் அந்தக் கடன் தீரும். ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்த இந்துவும், ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்த குடும்பமும், போய்ச் செலுத்திவிட்டு நிம்மதியாகத் திரும்பலாம். மனிதருக்குப் பட்ட நன்றிக்கடனுக்கு அப்படி ஒரு ரசீது கிடையாது.

இனி, சொல்லியே ஆக வேண்டிய இடங்கள். மேடையில் சொல்கிற நன்றிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் 'வந்தனோபசாரம்' என்று பெயர். கூட்ட அறிவிப்புகளில் கடைசி வரியாக அது இருக்கும். தனித்தமிழ் இயக்கத்துக்கும் பிறகு வந்த திராவிட இயக்க மேடைகளுக்கும் அப்புறம் அந்த இடத்தை 'நன்றியுரை' பிடித்தது. நன்மை என்ற பழைய பொருள் ஒதுங்கி, வாயால் சொல்லும் நன்றி என்ற பொருள் ஊன்றியதில் மேடைக்கும் அச்சுக்கும் பெரும்பங்கு உண்டு.

நன்றியுரைக்கு இந்தக் கரையிலேயே நல்ல மாதிரி இருக்கிறது. 1893இல் சிகாகோ போன விவேகானந்தர் திரும்பி வந்து 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கினார். வரவேற்புக்குப் பதில் சொல்லும்போது, தன்னால் ஏதாவது ஆகியிருந்தால் அதற்கு இந்தியா இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதிக்குக் கடன்பட்டிருக்கிறது, சிகாகோ போகும் எண்ணத்தை உண்டாக்கி வற்புறுத்தியவர் அவர்தான் என்று சொன்னார். இன்ன ஆள், இன்ன காரியம் என்று பிட்டு வைக்கிற நன்றி இது. இராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம் தன் வாழ்க்கை வரலாற்றில், சென்னையில் படிப்பில் சேரப் பணமில்லாதபோது அக்காள் சுஹ்ரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததைச் சொல்வதும் இந்த ரகம்தான். பொதுவாக "குடும்பத்தாருக்கு நன்றி" என்று எழுதியிருந்தால் யாருக்கும் நினைவிருக்காது. உமறுப் புலவர் இன்னும் ஒரு படி மேலே போனார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி ஆதரித்துத் தொடங்கிய, நபிகள் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணம், அவர் மறைந்த பிறகு அபுல் காசிம் ஆதரவில் நடந்தது. புலவர் காப்பியத்துக்குள்ளேயே அபுல் காசிமைப் பல இடங்களில் பாடி வைத்தார். அவரைத் தெரியாமல் அந்த நூலைப் படித்து முடிக்க முடியாது.

ஊர்க் கூட்டத்திலோ பள்ளி ஆண்டு விழாவிலோ நன்றியுரை சொல்ல நிற்கிறவர் கவனிக்க வேண்டியவை சில. நேரம் ஐந்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. கூட்டம் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். பெயர்களைத் தாளில் எழுதி, முதல் நாளே விழாக் கமிட்டியில் இரண்டு பேரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். பணம் கொடுத்தவர் பெயர் எப்படியும் பேனரில் இருக்கும். தாளில் விட்டுப்போவது பந்தல் போட்டவர், மைக் செட்காரர், சமையல் மாஸ்டர், கரண்ட் போனபோது ஓடிவந்த மின்வாரிய ஊழியர். இவர்களை முதலில் எழுதிவிட்டு, பிரமுகர்களைப் பிறகு எழுதினால் யாரும் விட்டுப்போகாது. வாசிக்கும்போது வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு பெயருக்கும் 'மாண்புமிகு', 'உயர்திரு' என்று ஒருவருக்கு வைத்து அடுத்தவருக்கு விட்டால் சண்டை; எல்லோருக்கும் 'அவர்கள்' ஒன்றே போதும். "பெயர் விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்ற வரியைக் கடைசியில் வைப்பது வழக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது இன்னும் நல்லது; விட்டுப்போனவர் எழுந்து போகும் முன் காதில் விழும்.

எழுதும்போது அடிக்கடி சறுக்குவது சில இடங்களில். 'மிக்க நன்றி' சரி. 'மிகவும் நன்றி' சரியில்லை. நன்றி பெயர்ச்சொல், அதற்கு முன் 'மிக்க' என்ற அடை வரும். 'மிகவும்' வேண்டுமானால் "மிகவும் கடமைப்பட்டுள்ளேன்" என்று வினையோடு முடிக்க வேண்டும். பேச்சில் 'ரொம்ப நன்றி' இருக்கட்டும், அதை இலக்கணம் பார்த்துத் திருத்துவது வீண் வேலை. செய்தவரைக் குவ்வுருபோடு சொல்ல வேண்டும், 'உங்களுக்கு நன்றி' என்று. செய்த காரியமும் அதே உருபு எடுக்கும், 'வந்ததற்கு நன்றி', 'உதவிக்கு நன்றி'. இரண்டும் ஒரே வரியில் வந்தால் 'உதவியதற்கு உங்களுக்கு நன்றி' என்று கு-கு என இடிக்கும். 'நீங்கள் செய்த உதவிக்கு நன்றி' என்று மாற்றினால் தீர்ந்தது. 'நன்றிகள்' என்ற பன்மை இப்போது எங்கும் இருக்கிறது. நன்மை என்ற பழைய பொருளில் எண்ணலாம், வள்ளுவரே 'எந்நன்றி' என்கிறார். சொல்லும் நன்றிக்கு எண்ணிக்கை தேவையில்லை. ஒருமையே கம்பீரமாக இருக்கிறது. 'செய்ந்நன்றி' என்பதில் இரண்டு ந வருவது அச்சுப்பிழை இல்லை: குறிலை அடுத்த ய்-க்குப் பின் மெல்லெழுத்து மிகும், மெய்ஞ்ஞானம் போல. இதழ்களில் படத்துக்குக் கீழே 'நன்றி:' என்று போட்டு ஒரு பெயர் வந்தால் அது உபசாரம் அல்ல, எங்கிருந்து எடுத்தோம் என்ற குறிப்பு; அனுமதி வாங்காமல் எடுத்துவிட்டு நன்றி போட்டால் அனுமதி வாங்கியதாக ஆகாது.

பதிலுக்கு என்ன சொல்வது? தமிழில் இதற்கென்று கட்டிவைத்த ஒரே சொல் கிடையாது, தேவைப்படவும் இல்லை. "இருக்கட்டும்", "இதுல என்ன இருக்கு", "நமக்குள்ள என்னண்ணே", "அட விடுங்க" எல்லாம் நன்றாக ஓடுகின்றன. எல்லாமே உதவியைச் சிறிதாக்குபவை. பெற்றவர் பனையாக்கிச் சொல்ல, செய்தவர் தினையாக்கி விடுகிறார். கைபேசி மொழிபெயர்ப்பை நம்பி "நல்வரவு" என்று பதில் போடுகிறவர்களைப் பார்க்க முடிகிறது. அது வாசலில் எழுதுகிற சொல்.

சொல்லவே கூடாத இடம் ஒன்று உண்டு, துக்க வீடு. கேதத்துக்கு வந்தவர் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் கிளம்புவார்; வீட்டுக்காரரும் வந்ததற்கு நன்றி என்று சொல்ல மாட்டார். மாமன் மச்சான் பங்காளிகளுக்கு அந்தத் துக்கத்தில் பாதி சொந்தம். சொந்தக்காரரைப் பார்த்து நன்றி சொன்னால் அவரை விருந்தாளியாக்கியது போல் ஆகும். அதனால் பதினாறாம் நாள் முடிந்த பிறகு, வெளியாட்களையும் சேர்த்து, அச்சில் ஒரு நன்றி அறிவிப்புப் போடுவது வழக்கமாகியிருக்கிறது. இதை அச்சகத்தில் கொடுக்கும்போது வரிகளை நாமே எழுதிக் கொடுப்பது நல்லது: காலமானவர் பெயர், ஊர், தேதி; நேரிலும் தொலைபேசியிலும் ஆறுதல் சொன்னவர்கள்; தூக்கிச் சென்றும் குழி வெட்டியும் உதவியவர்கள்; கடைசியில் மனைவி அல்லது கணவர், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர். அச்சகத்தில் கல்யாண நன்றி மடலின் வாசகத்தையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடுவதுண்டு. "வருகை தந்து சிறப்பித்த" என்ற சொற்கள் அப்படித்தான் துக்க மடலில் வந்து உட்காருகின்றன. பிழை திருத்தப் படி வந்ததும் முதலில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து அடிக்க வேண்டும், படத்தையும் கட்டத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.